லூபஸ் எல்லோருக்கும் மூளையைத் தொடுவதில்லை. சிலருக்கு மட்டும் ஏன்?

நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய் லூபஸ். அது உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூட்டு வலி, வெயில் பட்டால் தோலில் தடிப்பு, அவ்வப்போது சிறுநீரில் புரதம். இருபது வருடமாக இப்படியே போகிறது, மனமும் நினைவும் தெளிவாக இருக்கின்றன. இன்னொருவருக்கு நோய் இருப்பதே ஒரு வலிப்பில்தான் தெரியவருகிறது. அல்லது யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது, கூடவே வாழ்பவர்கள் மீது திடீரென்று சந்தேகம் வருகிறது. இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கலாம். அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, பிறவியிலேயே வந்ததா?

மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது எந்த மாதிரியான பங்கு என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம், அந்தக் குழப்பத்தால் தேவையில்லாத பயமும் குற்ற உணர்வும் வருகின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. நம் நோயெதிர்ப்பு மண்டலம் கிருமிகளைத் தாக்குவதற்காக எதிர்ப்பொருள்கள் என்ற புரதங்களை உருவாக்குகிறது. லூபஸில் அது நம் சொந்தச் செல்களின் உட்பொருளுக்கு எதிராகவே, குறிப்பாக செல்லின் கருவுக்குள் இருக்கும் டிஎன்ஏவுக்கு எதிராக, எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. டிஎன்ஏ இல்லாத உறுப்பு கிடையாது, ரத்தம் போகாத உறுப்பும் கிடையாது. அதனால் தோல், மூட்டு, சிறுநீரகம், இதயம், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் இந்த நோய் கைவைக்கலாம். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

மூளையையும் இது தொடும் என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. தோல் நோயாகவே கருதப்பட்ட லூபஸ் உடல் முழுவதையும் பாதிக்கும் என்று வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி 1872-இல் விவரித்தபோதே, நோயாளிகள் சிலருக்குப் பிதற்றலும் சுயநினைவிழப்பும் வருவதைக் குறித்திருக்கிறார். 1999-இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு இந்தப் பாதிப்புகளை 19 வகையாகப் பிரித்துப் பெயரிட்டது: 12 மூளை, தண்டுவடம் சார்ந்தவை, 7 வெளி நரம்புகள் சார்ந்தவை. வலிப்பு, பக்கவாதம், மனப்பிறழ்வு, மனச்சோர்வு, பதற்றம், தலைவலி, நினைவிலும் கவனத்திலும் வரும் தடுமாற்றம், கை கால் தானாக ஆடுவது, தண்டுவட அழற்சி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதமும் பதற்றமும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன என்பது பின்னால் நமக்கு ஒரு சிக்கலாக வந்து நிற்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். லூபஸ் உள்ளவருக்கு மனதிலோ மூளையிலோ எது நடந்தாலும் அது லூபஸால்தான் என்று ஆகிவிடாது. நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இப்படி வந்த பாதிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் நேரடியாக லூபஸின் கணக்கில் வைக்க முடிந்தது. மீதிக்குத் தொற்று, உயர் ரத்த அழுத்தம், தூக்கமின்மை, நீண்ட நோயோடு வாழும் சோர்வு, அப்புறம் மருந்து என்று வேறு காரணங்கள். லூபஸை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டையே உதாரணமாகப் பாருங்கள். 1972-இல் வந்த ஒரு பழைய அமெரிக்க ஆய்வில், பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் 40 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வந்தது. 80 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் அது 18.4 சதவீதம். நோய் முற்றும்போதுதான் ஸ்டீராய்டையும் கூட்டுவார்கள். எனவே அந்த நேரத்தில் மனம் தடுமாறினால் காரணம் நோயா மருந்தா என்று பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம்.

சரி, இனி மரபணுவுக்கு வருவோம்.

ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையர்களில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு முறை. தனித்தனிக் கருமுட்டையில் பிறந்த இரட்டையர்களில் இது நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மரபணு ஒன்றாக இருப்பது வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் மரபணு முழுக்க முழுக்க ஒன்றாக இருந்தும் நான்கில் மூன்று பேருக்கு நோய் வருவதில்லை. 'மரபணு காரணமாக வாய்ப்பு அதிகம்' என்று மருத்துவ எழுத்துகளில் படிக்கும்போது இந்த இரட்டையர்களை நினைத்துக்கொண்டால் போதும், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவர்கள் கேட்பது எனக்கு வருமா, என் குழந்தைக்கு வருமா என்றுதான். தைவானின் தேசியக் காப்பீட்டுத் தரவை வைத்து 2015-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 17 மடங்கு என்று கணக்கிட்டது. 17 மடங்கு என்றவுடன் நெஞ்சு படபடக்கும். ஆனால் எதன் 17 மடங்கு என்று பார்க்க வேண்டும். பொதுமக்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு லூபஸ் என்று வைத்துக்கொண்டால், 17 மடங்கு என்பது ஆயிரத்தில் 17 பேர். அதாவது நூற்றில் 98 பேருக்கு வராது. அது லூபஸ் வருவதற்கான கணக்கு மட்டும்தான். வந்தவர்களிலும் மூளை பாதிப்பு ஒரு பகுதியினருக்குத்தான்.

லூபஸோடு தொடர்புடைய இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் நூற்றுக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது மிகச் சிறியது, வாய்ப்பைக் கொஞ்சமே கூட்டுகிறது. இவற்றில் பல நோயே இல்லாத கோடிக்கணக்கானவர்களிடமும் இருக்கின்றன. அரிதாகச் சிலருக்கு மட்டும் ஒற்றை மரபணுவே போதுமானதாகிவிடும். சி1கியூ என்ற ரத்தப் புரதம் பிறவியிலேயே முழுதும் இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸோ அதைப் போன்ற நோயோ வந்துவிடுகிறது. 2022-இல், சிறு வயதிலேயே கடுமையான லூபஸ் வந்த ஒரு சிறுமியிடம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஎல்ஆர்7 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அதே மாற்றத்தை எலியில் வைத்தபோது எலிக்கும் லூபஸ் வந்தது. இவை நமக்கு நோயின் வழியைக் காட்டும் அரிய ஜன்னல்கள். பெரும்பாலான நோயாளிகளின் கதை இப்படி ஒற்றை மரபணுவில் அடங்காது.

இப்போது மூளைக்கு வரலாம். லூபஸ் வரக் காரணமாகும் மரபணுக்களும், வந்த லூபஸ் மூளையைத் தொடக் காரணமாகும் மரபணுக்களும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு இதைப் புரிந்துகொள்ள உதவியது மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்வது. ஆபத்தான பொருள் ரத்தத்தில் உருவாகிறதா? உருவானது மூளைக்குள் நுழைய முடிகிறதா? நுழைந்தபின் மூளை அதைத் தாங்குகிறதா? மரபணு இந்த மூன்றிலும் வெவ்வேறு அளவில் கைகொடுக்கலாம், கெடுக்கவும் செய்யலாம்.

முதல் கேள்விக்கு நல்ல உதாரணம் ட்ரெக்ஸ்1 என்ற மரபணு. இது ஒரு துப்புரவு நொதியை உருவாக்குகிறது. செல்லுக்குள் கருவுக்கு வெளியே டிஎன்ஏ துண்டுகள் கிடந்தால் அவற்றை நறுக்கி அழிப்பது இதன் வேலை. ஏன் அழிக்க வேண்டும்? கருவுக்கு வெளியே டிஎன்ஏ கிடந்தால் செல் அதை வைரஸ் என்று எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க சிகாஸ் என்ற ஓர் உணரி இருக்கிறது. அது டிஎன்ஏவைத் தொட்டதும் எச்சரிக்கை கிளம்பி, இன்டர்ஃபெரான் என்ற புரதம் வெள்ளமாக வெளியே வரும். உண்மையான வைரஸ் வந்திருந்தால் இது உயிரைக் காக்கும் ஏற்பாடு. ட்ரெக்ஸ்1 பழுதாகி, நம் சொந்தக் குப்பையே அள்ளப்படாமல் கிடந்தால் வைரஸே இல்லாமல் அந்த எச்சரிக்கை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் என்ன ஆகும் என்பது குழந்தைகளிடம் தெரிந்தது. 1984-இல் ழான் ஐகார்டி, ஃபிரான்சுவாஸ் கூட்டியேர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான குழந்தை நோயை விவரித்தார்கள். மூளையில் சுண்ணாம்பு படிகிறது, வெள்ளைப் பகுதி சிதைகிறது, பார்க்க அப்படியே கருவிலேயே வைரஸ் தாக்கியது போல இருக்கிறது, ஆனால் எந்த வைரஸும் அகப்படவில்லை. 2006-இல் அதற்கு ட்ரெக்ஸ்1 பழுது ஒரு காரணம் என்று தெரிந்தது. அடுத்த வருடமே லூபஸ் நோயாளிகள் சிலரிடமும் இதே மரபணுவில் அரிய மாற்றங்கள் இருப்பதைக் கண்டார்கள். மூளையைத் தாக்கும் ஒரு குழந்தை நோயும் லூபஸும் ஒரே மரபணுவில் சந்திக்கின்றன என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் வியப்பூட்டிய விஷயம். 2011-இல் 8,000-க்கும் மேற்பட்ட லூபஸ் நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஐரோப்பிய வம்சாவளியினரில் ட்ரெக்ஸ்1-இன் ஒரு குறிப்பிட்ட வடிவம் நரம்பியல் பாதிப்புகளோடு, முக்கியமாக வலிப்போடு, சேர்ந்து வருவது தெரிந்தது.

இன்டர்ஃபெரான் மனதை என்ன செய்யும் என்பதற்கு வேறொரு பக்கத்திலிருந்தும் சாட்சி இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு ஒரு காலத்தில் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். போட்டவர்களில் கணிசமானோருக்கு மனச்சோர்வு வந்தது, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போனது. அவர்களுக்கு லூபஸ் இல்லை. ஒரு மூலக்கூறு கூடியதால் மட்டும் மனம் இருண்டது. 'மனதைத் தைரியமாக வைத்துக்கொள்' என்று லூபஸ் நோயாளியிடம் அடிக்கடி சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும். 2017-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இதன் வழியைக் கொஞ்சம் காட்டியது: இன்டர்ஃபெரான் மூளையில் உள்ள மைக்ரோக்ளியா என்ற காவல் செல்களை முடுக்கிவிட, அவை நரம்பு இணைப்புகளையே விழுங்கத் தொடங்குகின்றன. இன்டர்ஃபெரான் செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை அடைத்தபோது எலிகளுக்கு அந்த இழப்பு குறைந்தது. அதே ஏற்பியை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்து லூபஸுக்காக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அனுமதிக்கு அடிப்படையான பெரிய சோதனைகளில், மூளை பாதிப்பு கடுமையாக இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. எலியில் கிடைத்த நம்பிக்கையை அப்படியே மனிதர்களுக்கு எடுத்துச் செல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

துப்புரவோடு தொடர்புடைய வேறு மரபணுக்களும் பட்டியலில் வருகின்றன. எதிர்ப்பொருள் ஒட்டிய கழிவுகளை ரத்தத்திலிருந்து அகற்ற உதவும் எஃப்சி காமா ஏற்பிகள், வெள்ளணுக்களின் மேல் இருக்கும் ஐடிஜிஏஎம் என்ற புரதம் ஆகியவற்றின் சில வடிவங்கள் நரம்பு, மனப் பாதிப்புகளோடு சேர்ந்து வருகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஸ்டாட்4 என்ற மரபணுவின் ஒரு வடிவம் லூபஸ் நோயாளிகளில் பக்கவாதத்தோடும், ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களோடும் தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் சிறு தள்ளல்கள். ஐடிஜிஏஎம் மாற்றம் உள்ளவருக்கு வலிப்பு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்வி நுழைவு. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விடாதபடி ரத்த நாளச் சுவரே ஒரு கடுமையான தடுப்பாக நிற்கிறது. இதைப் பற்றி நாம் அறிந்ததில் மிக அழகானது அமெரிக்க ஆய்வாளர் பெட்டி டயமண்டின் குழு செய்த வேலை. லூபஸில் டிஎன்ஏவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்களில் ஒரு வகை, நரம்பு செல்களின் மேல் இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளையும் பிடித்துக்கொள்கிறது என்று 2001-இல் அவர்கள் காட்டினார்கள். நினைவும் கற்றலும் அந்த ஏற்பிகளை நம்பித்தான் நடக்கின்றன. பிறகு எலிகளின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் நிறைய இருக்கும்படி செய்து பார்த்தார்கள். எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடுப்பு மூடியிருந்தது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் செலுத்தித் தடுப்பைத் திறந்தபோது, எதிர்ப்பொருள் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதிக்குள் போய் செல்களைக் கொன்றது, எலிகளின் நினைவு தடுமாறியது. பாக்டீரியாப் பொருளுக்குப் பதிலாக அட்ரினலினைச் செலுத்தியபோது வேறொரு வாசல் திறந்தது. பாதிப்பு, பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதிக்குப் போனது, பயத்துக்கு எலிகள் காட்டும் எதிர்வினை மாறியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே எதிர்ப்பொருள், அதே இன எலி. தொற்றைப் போன்ற ஒன்று வந்தால் நினைவு போகிறது, மன அழுத்த ஹார்மோன் ஏறினால் உணர்ச்சி மாறுகிறது, எதுவும் வராவிட்டால் எதுவும் நடப்பதில்லை. தொடக்கத்தில் பார்த்த அந்த இரண்டு நோயாளிகளின் வித்தியாசத்துக்கு இதில் ஒரு விடை ஒளிந்திருக்கிறது. எதிர்ப்பொருளை உருவாக்கும் போக்கு மரபணுவிலிருந்து வரலாம், ஆனால் வாசல் எப்போது திறக்கிறது என்பது ஒரு காய்ச்சலையோ, உயர்ந்த ரத்த அழுத்தத்தையோ பொறுத்ததாக இருக்கலாம். எலியில் கண்டது மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் லூபஸ் உள்ளவர்கள் தொற்றை அலட்சியம் செய்யக் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை நான் இப்போது வேறு காதால் கேட்கிறேன்.

மூன்றாவது கேள்வி, மூளையின் சொந்த இயல்பு. லூபஸ் மரபணுவும் மனநோய் மரபணுவும் ஒன்றுதானோ என்று இங்கே தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தைக் கலைப்பது சி4 என்ற மரபணு. காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரத வரிசையில் ஒன்று சி4. நம் ஒவ்வொருவரிடமும் அதன் பிரதிகள் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கும். பிரதிகள் குறைந்தால் கழிவு சரியாக அகலாமல் லூபஸ் வாய்ப்பு கூடுகிறது. 2016-இல் வந்த ஒரு முக்கியமான ஆய்வோ, இதே சி4-இன் ஒரு வகை மூளையில் அதிகமாக உருவாகும் வடிவங்கள் மனச்சிதைவு நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று காட்டியது. வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதில் சி4-க்குப் பங்கு இருப்பதால், அது மிகுந்தால் கத்தரிப்பும் மிகலாம் என்பது அவர்கள் விளக்கம். ஆக, ஒரே மரபணு லூபஸை ஒரு பக்கமும் மனச்சிதைவை எதிர்ப்பக்கமும் தள்ளுகிறது. லூபஸில் வரும் மனப்பிறழ்வைப் பரம்பரை மனநோய் என்று முத்திரை குத்துவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த முத்திரையால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையே தாமதமாகலாம். லூபஸ் அழற்சியால் வந்த மனப்பிறழ்வுக்கு, மனநல மருந்தோடு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் வேண்டியிருக்கும்.

இவ்வளவு ஆராய்ந்தும் ஏன் இன்னும் 'இந்த மரபணு இருந்தால் இது வரும்' என்று யாரும் சொல்வதில்லை? முன்பு மனதில் வைக்கச் சொன்ன அந்த 19 வகைகள்தான் பெரிய தடை. உறைந்த ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கும், அழற்சியால் வரும் மனப்பிறழ்வுக்கும் வழியே வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டு மரபணுவைத் தேடினால் இரண்டின் தடயமும் மங்கிவிடும். பிரித்துத் தேடலாம் என்றால் ஒவ்வொரு வகையிலும் ஆட்கள் குறைவு. இதோடு, பெரிய மரபணு ஆய்வுகளில் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினரே அதிகம். மற்றவர்களுக்கு லூபஸ் பல சமயம் கடுமையாக வந்தாலும், அவர்களின் மரபணு பற்றிய அறிவு மெலிதாகவே இருக்கிறது. இது எனக்கு ஆதங்கம் தரும் விஷயம். யாரை அதிகம் தாக்குகிறதோ அவர்களைப் பற்றித்தானே முதலில் படித்திருக்க வேண்டும்?

அப்படியென்றால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? பெரும்பாலான பெரியவர்களுக்கு இன்றைய நிலையில் அதனால் சிகிச்சை மாறாது. மிகச் சிறு வயதில் நோய் வந்த குழந்தைகள், ஒரே குடும்பத்தில் பலருக்கு நோய் உள்ளவர்கள், நெருங்கிய உறவில் மணந்த பெற்றோரின் குழந்தைகள் ஆகியோருக்கு ஒற்றை மரபணுப் பழுது இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கச் சொல்லலாம், அங்கே அதற்குப் பயன் உண்டு. மற்றவர்களுக்கு அதைவிடப் பயனுள்ளது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை: பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அவை இருந்தால் பக்கவாதத்தைத் தடுக்க மருந்து கொடுப்பது பற்றி மருத்துவர் முடிவெடுக்க முடியும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்ற அன்றாட மருந்தைத் தவறாமல் எடுப்பது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, புகைப்பதை விடுவது, இவையும் நம் கையில் இருப்பவை.

லூபஸ் உள்ளவருக்கு முதல் முறையாக வலிப்பு வந்தால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால், காலமும் இடமும் தெரியாமல் குழம்பினால், இல்லாத குரல் கேட்டால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மருந்துதான் காரணம் என்று பயந்து ஸ்டீராய்டை நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவே தனி ஆபத்து. மெதுவாக வரும் மறதிக்கும் மனச்சோர்வுக்கும் அவசரம் இல்லை என்றாலும் அடுத்த சந்திப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்களைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்: மாற்றம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சலோ தொற்றோ இருந்ததா, ஸ்டீராய்டின் அளவு எப்போது கூடியது அல்லது குறைந்தது. நோயா, மருந்தா, வேறு ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.